பழைய பெரிய ரீஃப் டேங்க் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் மீனும் பவளமும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியைத்தான் ரீஃப் டேங்க் என்கிறோம். மூன்றடி மரைன் (கடல்நீர்) டேங்கை ஒன்றிரண்டு வருடம் நன்றாக ஓட்டியவர்களுக்கு அடுத்த ஆசை நாலடி, ஆறடி. புதிதாகச் செய்தால் கண்ணாடி, ஸ்டாண்ட், சம்ப் (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி), ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), லைட் என்று செலவு எகிறும். அந்த நேரம் பார்த்து யாரோ வீடு மாறுகிறார், முழு செட்டப்பையும் பாதி விலைக்குத் தருகிறார் என்று தகவல் வரும். தாராளமாக வாங்கலாம். ஆனால் காலையில் அங்கே கழற்றி, சாயங்காலம் இங்கே மீனோடு ஓடவிடும் திட்டத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். இந்த மாற்றத்தில் நிறைய மீன்கள் அந்த அவசரத்தால்தான் சாகின்றன.

பார்க்கப் போகிற இடத்தில் நடக்கும் முதல் தவறு, மீனையும் பவளத்தையும் பார்த்து மயங்கிவிடுவது. நீங்கள் பார்க்க வேண்டியது கண்ணாடி சேரும் மூலைகளை. டார்ச்சை வெளிப்பக்கம் இருந்து அடித்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் சிலிக்கான் பசையைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்த திட்டுகள், குமிழிகள், கோடுபோல் உள்ளே நுழைந்த பாசி தெரிந்தால் அந்த இடத்தில் பிடிப்பு விட்டிருக்கிறது. உள்மூலையில் சிலிக்கானின் ஓரம் நகம் பட்டதும் உரிந்து வந்தாலும் அதே சந்தேகம்தான். கறுப்பு சிலிக்கான் மேல் ஓரிடத்தில் மட்டும் நிறமற்ற சிலிக்கான் பூசியிருந்தால், அங்கே ஒழுகியிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாக ஒட்டாது. முழுக்க அறுத்தெடுத்து மறுபடி ஒட்டுவதுதான் வழி. அந்தக் கூலியையும் சேர்த்து விலை பேசுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உப்பு போடாமல் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். கார் நிறுத்தும் இடத்தில், மட்டம் பார்த்த பலகையின் மேல் வைத்தால் ஒழுகினாலும் வீட்டுக்குள் சேதம் வராது. ஃபிரேம் இல்லாத டேங்க் என்றால் அடியில் தெர்மாகோல் ஷீட் அவசியம்.

எடையைப் பலரும் கணக்குப் போடுவதில்லை. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 450 லிட்டர். 12 மில்லிமீட்டர் கண்ணாடியே 90 கிலோ வரும். பாறை, மணல், சம்ப், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன் பக்கம், அதுவும் வெறும் எட்டுச் சதுர அடியில். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தளத்தின் நடுவில் வைக்காமல், பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள். வைக்கும் முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். சென்னை போர்வெல் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ ரீஃப் டேங்கில் யாரும் நேராக ஊற்றப்போவதில்லை. ஆனால் வீட்டு ஆர்ஓ மெஷின் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. குடிக்கும் ஆர்ஓவில் ருசிக்காக மினரல் சேர்ப்பார்கள், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அட்ஜஸ்டர் வழியாகக் கொஞ்சம் மூலத் தண்ணீரையும் கலப்பார்கள். நமக்கு வேண்டியது ஆர்ஓவுக்குப் பின் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துவிடும் டிஐ ரெசின் வழியாக வந்து, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர். இல்லையென்றால் அதில் இருக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எல்லாம் பாசிக்கு உரம். மணிக்கு 10 லிட்டர் தரும் மெஷினில் 450 லிட்டர் சேர 45 மணி நேரம் ஆகும். கழிவாகப் போவது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் உப்பு மட்டும் 16 கிலோ. டேங்க் விலையில் மிச்சம் பிடித்த பணம் போகும் இடம் இதுதான். பாதித் தண்ணீர் கூடும்போதே பொறுமை போய், குழாய்த் தண்ணீரைக் கலந்து நிரப்பிவிட்டு மாதக்கணக்கில் பாசி வழிப்பவர்கள் உண்டு.

பழைய தண்ணீரை டிரம்மில் பிடித்துக்கொண்டு வந்தால் பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும் என்பார்கள். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெரும்பாலும் ஒட்டியிருப்பது பாறையில், மணலில், ஃபில்டர் மீடியாவில். தண்ணீரில் இருப்பது கொஞ்சம்தான்.

பாறைதான் இந்த வியாபாரத்தில் மதிப்புள்ள பொருள், ஆபத்தும் அதில்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி: மீனுக்கு வெண்புள்ளி வந்தபோது இந்த டேங்கிலேயே காப்பர் மருந்து போட்டீர்களா? போட்டிருந்தால் அந்தப் பாறையும் மணலும் வேண்டாம். சுண்ணப் பாறை காப்பரைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியவிடும். மீன் நன்றாக இருக்கும்போதே இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, ஏப்டேசியா எனும் சின்னப் பழுப்பு அனிமோன் (பூப்போலத் தெரியும் கடலுயிர்) இருக்கிறதா என்று லைட் அணைந்திருக்கும்போது ஒருமுறை பாருங்கள். பிய்த்தெடுத்தாலும் மிஞ்சிய துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பழைய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிநீர் ஊற்றுவதோ, வேக வைப்பதோ, காய்ந்ததும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதோ கூடவே கூடாது. சோவாந்திட் எனும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. ஆவியோடு அது மூச்சில் போனால் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் ஒரு வீட்டில் டேங்க் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய், குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்தது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே வேலை செய்யுங்கள்.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே வருகிறது. கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. செத்த பவளத் துண்டுக்கும் விலக்கு இல்லை. மன்னார் வளைகுடாவில் எடுத்த "நாட்டு லைவ் ராக்" (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல்பாறை) என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்த வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் வெப்பத்தால் வெளிறி, ஏற்கெனவே நிறைய இழந்தவை. நம் வீட்டு அழகுக்காக அங்கிருந்து இன்னும் எடுக்க வேண்டாம். செயற்கையாகச் செய்த உலர் பாறை கிடைக்கிறது. அதில் பாக்டீரியா மெதுவாகத்தான் குடியேறும், ஆனால் ஏப்டேசியாவோ காப்பரோ அதோடு வராது.

பழைய மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த மணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும்; அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கூடவே அடியில் தேங்கிய அழுக்கும் அம்மோனியாவும் மேலே வரும். புது மணலைக் கழுவிப் போட்டு, பழையதில் மேலாக ஒரு கப் எடுத்துத் தூவினால் போதும்.

மாற்றும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். இடம் இருந்தால் உங்கள் மூன்றடி டேங்கை ஓடவிட்டபடியே, பெரியதில் புதுத் தண்ணீர் நிரப்பி, சின்னதிலிருந்து கொஞ்சம் பாறையை மாற்றுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சில வாரங்கள் தொடர்ந்து பூஜ்யம் காட்டட்டும். அப்புறம் மீனை விடலாம். ஒரே இடம்தான் என்றால் பெரிய பிளாஸ்டிக் டப்களில் பாறை, மீன், வேவ்மேக்கர் (தண்ணீரைச் சுழற்றும் விசிறி மோட்டார்), ஹீட்டர் என்று தற்காலிக வீடு அமைக்க வேண்டிவரும். முதலில் பாறையை வெளியே எடுத்து, கடைசியில் மீனைப் பிடியுங்கள். பாறை உள்ளே இருக்கும்போது வலையோடு துரத்தினால் மீன் பயத்திலேயே பாதி செத்துவிடும். பாறை காயக் கூடாது. காய்ந்தால் அதிலுள்ள உயிர்கள் செத்து அழுகி, புது டேங்கில் அம்மோனியா ஏறும்.

மீன் விடும் முன் கரண்ட் கட் சோதனை ஒன்று செய்யுங்கள். நாலுக்கு இரண்டு டேங்கில் ஒரு இஞ்ச் தண்ணீர் இறங்கினால் 19 லிட்டர் சம்புக்குப் போகும். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் ஆழமாக இருந்தால், மோட்டார் நின்றதும் அது சைஃபன் பிடித்து (தண்ணீரைத் தானாகவே கீழே உறிஞ்சி) மூன்று நான்கு இஞ்ச் வரை இழுத்துவிடும். மோட்டாரை அணைத்து, சம்ப் வழிகிறதா என்று நின்று பாருங்கள். வழிந்தால் குழாய் வாயை மேலே தூக்கி வையுங்கள், சம்பில் ஓடும் மட்டத்தைக் குறையுங்கள். வேவ்மேக்கர் ஒன்றை இன்வெர்ட்டரில் போடுங்கள். மின்சாரம் போனால் முதலில் தீர்வது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன்.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) பழையது என்றால் விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, தண்ணீர் உண்மையிலேயே குளிர்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மே மாதத்தில் 26 டிகிரியில் நிறுத்த அது இல்லாமல் முடியாது. டேங்கோடு வந்த பெரிய லைட்டை முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். பாதியில் தொடங்கி வாரா வாரம் ஏற்றுங்கள். அனிமோன் இருந்தால் வேவ்மேக்கருக்குக் கூண்டு மாட்டுங்கள். புது இடத்தில் அது இடம் தேடி ஊர்ந்துபோய் விசிறியில் சிக்கும்.

பெரிய டேங்க் ஓடத் தொடங்கியதும் சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூருக்குப் போய் இரண்டு டேங் (Tang) மீன் வாங்கி வரத் தோன்றும். அவை வளர்ந்தால் நான்கடி பலவற்றுக்கு இடம் பற்றாது. வேறு எந்த மீன் வாங்கினாலும் பழைய மூன்றடி டேங்கை விற்காமல் தனிமைத் தொட்டியாக வைத்துக்கொண்டு, குறைந்தது நான்கு வாரம் அதில் பார்த்துவிட்டுப் பெரியதில் விடுங்கள். காப்பர் மருந்து போட வேண்டி வந்தால் அங்கேயே போடலாம்.