யாருக்காகப்பா பயப்படணும்? சஸ்பென்ஸ் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் நாவலில் முதல் அத்தியாயத்திலேயே நான்கு பிணம். காசிமேட்டில் பக்கத்து வீட்டு அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் தாள்களைத் திருப்பித் தந்தவர், "எல்லாம் சரிப்பா, இதுல யாருக்காக நான் பயப்படணும்?" என்றார்.

பலரும் செய்கிற தவறு இது. ஆளைக் காட்டும் முன்பே ஆபத்தைக் காட்டிவிடுகிறோம். 'இவன் பிழைத்தால் தேவலை' என்று வாசகருக்குத் தோன்றாதவரை எத்தனை பேர் செத்தாலும் அவர் கொட்டாவிதான் விடுவார்.

ஒருமுறை அக்காவின் வீட்டுக்காரர் போன விசைப்படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. போனும் கிடைக்கவில்லை. போய்ப் பார்த்தேன். கருவாட்டுக் குழம்பு இறக்கியாகிவிட்டது. அரிசி மட்டும் களைந்தபடி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. "வந்ததும் சூடா வடிச்சுக்கலாம்னு" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினார். அவர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் மறைப்பது. 1952-இல் நடந்த ஆளவந்தார் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை நடந்தது ராயபுரத்து வீடொன்றில். தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் போட் மெயில் ரயிலில் ஏறி மானாமதுரையில் பிடிபட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. புதிதாக எழுதுகிறவர் மானாமதுரையில் பெட்டியைத் திறந்து ஒரு 'ஐயோ' போட வைப்பார். அதோடு தீர்ந்தது. எழும்பூரிலேயே உள்ளே இருப்பது என்னவென்று வாசகரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு குழந்தையை அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட விடுங்கள் (குழந்தை நம் கற்பனைதான்). அப்புறம் செங்கல்பட்டு, விழுப்புரம் என்று வண்டி நிற்கிற ஒவ்வொரு ஸ்டேஷனும் உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வட சென்னை என்றால் உடனே கத்தி, ரவுடி, பழிக்குப் பழி. இது எனக்கு அலுத்துவிட்டது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, கண் எரிந்து மூச்சுத் திணறி ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அங்கே வில்லன் கண்ணுக்கே தெரியாது. முதலில் பிள்ளையைத் தூக்குவதா, எதிர்வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டுவதா? அந்த அரை நிமிடத்தை எழுதிப் பாருங்கள், கத்தி தேவைப்படாது.

சரியான நேரத்தில் சார்ஜ் தீரும் போன், 'எல்லாம் கனவு' முடிவு, இதெல்லாம் வேண்டாம். சோகமாக முடித்தால்தான் ஆழம் என்ற நினைப்பும் வேண்டாம். அதற்கு நானும் பலியாகியிருக்கிறேன். அக்காவின் வீட்டுக்காரர் மறுநாள் காலை வந்துவிட்டார், எஞ்சின் கோளாறுதான். நான் கதையில் அந்தப் படகு திரும்பவே இல்லை என்று எழுதினேன். படித்துவிட்டு அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.