மூக்குத்தியை அழிக்காத மென்பொருள்: முக டச்-அப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பரங்குன்றத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தைக் கொடுத்த மறுநாளே பெண்ணின் அம்மா மதுரைக்குக் கிளம்பி வந்துவிட்டார். ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைத்து, "தம்பி, எம்பொண்ணு மூக்குத்தி எங்க?" என்று கேட்டார். ஒற்றைக்கல் மூக்குத்தி. படத்தில் அந்த இடத்தில் வெறும் தோல்தான் இருந்தது. புதிதாக வாங்கிய மென்பொருளில் ஒரே பொத்தானை அழுத்தினால் முகத்தில் உள்ள புள்ளிகளை அதுவே தேடி அழித்துவிடும். அதற்குப் பருவும் மூக்குத்தியும் ஒன்றுதான். அடுத்த பக்கத்தில் மாப்பிள்ளையின் கன்னத்து மச்சமும் போயிருந்தது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதுகிற மச்சம் அது! இரண்டு தாள்களையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அதனால், "எந்த சாஃப்ட்வேர் ஈஸி?" என்று யாராவது கேட்டால், 'ஈஸி' என்ற சொல்லில்தான் முதல் தவறு தொடங்குகிறது என்பேன். ஒரே அழுத்தில் வேலை முடிவதை எளிது என்று நினைக்கிறோம். செய்ததைச் சுலபமாகக் குறைக்கவும், ஓரிடத்தில் மட்டும் அழிக்கவும், பழைய படத்துக்குத் திரும்பவும் முடிகிற மென்பொருள்தான் உண்மையில் எளிது. வாங்கும் முன் மூன்று கேள்விகள் போதும். மிருதுவாக்கும் அளவைக் கூட்டிக் குறைக்க ஸ்லைடர் இருக்கிறதா? பிரஷ் வைத்து வேண்டிய இடத்தில் மட்டும் செய்ய முடிகிறதா? மூலப்படம் தொடப்படாமல் இருக்கிறதா?

காசில்லாமலே இதற்கு வழி உண்டு. மொபைலில் ஸ்னாப்சீட் இலவசம். செய்த திருத்தத்துக்குத் திரும்பப் போய்க் குறைக்கலாம். கணினியில் ஜிம்ப் இலவசம். அதில் மேலே ஒரு காலி லேயர் (படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) போட்டு, ஹீல் கருவியில் 'சாம்பிள் மெர்ஜ்டு' என்பதை டிக் செய்யுங்கள்; அப்போதுதான் அது கீழே உள்ள படத்திலிருந்து தோலை எடுக்கும். பருவுக்குப் பக்கத்தில் உள்ள நல்ல தோலில் கன்ட்ரோல் விசையோடு ஒரு கிளிக், பிறகு பருவின் மேல் ஒரு தொடல், அவ்வளவுதான். பிடிக்கவில்லையா, அந்த லேயரை அழித்துவிட்டால் முகம் பழையபடி இருக்கும். பத்து நாளில் மறைகிற பருவை எடுங்கள். மச்சம், அம்மைத் தழும்பு, சின்ன வயதில் விழுந்த வெட்டுத் தழும்பு இவற்றை அவர்களே கேட்டால் தவிர தொட வேண்டாம்.

அடுத்த தவறு, விளம்பரத்தில் காட்டும் முகத்தை நம்பி வாங்குவது. அந்தப் படங்கள் பெரும்பாலும் நல்ல ஸ்டுடியோ வெளிச்சத்தில் எடுத்தவை. நம் மண்டபத்தில் வீடியோ லைட் அடிக்கும், நெற்றியில் வியர்வை மின்னும், சிவப்புப் பட்டின் நிறம் தாடையில் ஏறியிருக்கும். உங்கள் சொந்தப் படங்களில் மூன்றைப் போட்டுச் சோதியுங்கள்: மஞ்சள் பூசி மூக்குத்தி போட்ட ஒரு பெண், மண்டப வெளிச்சத்தில் நிற்கும் கறுத்த நிறத்து மாப்பிள்ளை, எழுபது வயதுப் பாட்டி. 100 சதவீத அளவில் வைத்துப் புருவ முடி, நெற்றியோர முடி, மல்லிகைச் சரத்தின் ஓரம், விபூதிக் கீற்று நான்கையும் பாருங்கள். அவை குழைந்திருந்தால் அந்த மென்பொருளுக்கு முகத்தில் எது தோல் என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

பாட்டி படத்தைத் தவறாமல் வையுங்கள். சுருக்கம் போன பாட்டி எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: தோலை மிருதுவாக்கும் பல செயலிகள் கூடவே வெளுக்கவும் வைக்கின்றன. மாநிறம் சாம்பல் கலந்த வெளுப்பாகிறது. கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கின்றன. இப்படி மாற்றிக் கொடுப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன். தோலில் இரண்டு விஷயங்கள் உண்டு: நிறமும் நிழலும் ஒன்று, துளைகளும் மெல்லிய வரிகளும் இன்னொன்று. மட்டமான கருவி இரண்டையும் சேர்த்து மங்கலாக்குவதால்தான் முகம் மெழுகுபோல் ஆகிறது. நல்ல கருவி இரண்டையும் தனித்தனியாகக் கையாள விடும். அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் 2019-இல் வந்த டெக்ஸ்சர் ஸ்லைடரைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சொரசொரப்பு தணியும், துளைகள் முழுக்க அழியாது. 2022-இல் முகத்தோலை மட்டும் தானே தேர்ந்தெடுத்து, திருத்தத்தை அங்கே மட்டும் நிறுத்தும் மாஸ்க்கும் வந்தது. சந்தா கட்ட வேண்டும், ஆனால் கல்யாண சீசனில் நூற்றுக்கணக்கான படம் பார்ப்பவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். தாடையில் ஏறிய பட்டுச் சிவப்பைத் தோல் கோளாறு என்று நினைத்து மிருதுவாக்காதீர்கள். அந்த இடத்தில் மட்டும் நிறத்தைத் திருத்தினால் போதும். வெளிச்சத்தையும் நிறத்தையும் முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் தோலுக்கு வந்தால் பாதி வேலை தானாகக் குறையும்.

படத்தின் அளவைக் கவனிக்காமல் விடுவது பலர் செய்யும் தவறு. 12×36 அங்குல ஆல்பத் தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 10,800 × 3,600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா 6,000 × 4,000 தருகிறது. இலவசச் செயலி ஒன்று அதை 2,000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிச் சேமித்தால், அதே கணக்கில் ஏழு அங்குலத்துக்குக்கூட எட்டாது. போனில் பளிச்சென்று தெரிந்த முகம் பிரிண்ட் போடும் லேபில் மொத்தையாக வரும். திருத்திய பிறகு எத்தனை பிக்சல் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். லேபுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகவும் அனுப்பாதீர்கள், அங்கேயும் சுருங்கும்.

பென்டிரைவில் கைமாறி வரும் கிராக் பதிப்பு வேண்டாம். அதோடு வைரஸ் வந்தால் போவது ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள். திரும்ப எடுக்க முடியாது. பெயர் தெரியாத இணையதளத்தில் பெண்களின் படத்தை ஏற்றித் திருத்துவதும் வேண்டாம். அந்தப் படம் எந்த சர்வரில் போய் உட்காருகிறது என்று அவர்கள் கேட்டால், நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆண்டுச் சந்தா கட்டும் முன் சோதனைக் காலத்திலேயே ஒரு முகத்தைத் திருத்தி, 8×12-இல் ஒரு பிரிண்ட் அடியுங்கள். அதை இன்னொரு போட்டோகிராஃபரிடம் காட்டாமல், அந்த முகத்தைத் தினமும் பார்க்கும் அம்மாவிடமோ அக்காவிடமோ காட்டுங்கள். எது மாறியது என்று தெரியாமல் "என்ன மாத்துனீங்க?" என்று அவர்கள் கேட்டால் அந்த மென்பொருளை வாங்கலாம்.