சோழமண்டலத்துக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் நம்மவர்கள் பலர் மாமல்லபுரம் போகும் அவசரத்தில் ஈஞ்சம்பாக்கத்தைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) அங்கேதான் சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே வீடு கட்டி, இன்றுவரை தாங்களே நடத்திவரும் இடம். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கோயிலையும் ஜவுளிக்கடையையும் மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். இதையும் காட்டுங்கள்.

போவதற்கு முன் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பார்ப்பது நன்றாக மனதில் நிற்கும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் கவலையில் பிறந்தது இந்த ஊர். படித்து வெளியே வரும் ஓவியர்களுக்குப் படம் விற்றுப் பிழைக்க வழியில்லை. அதனால் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1966-இல் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். அப்போது அது வெறும் மணற்காடு, இருந்தவை கூரைக் குடிசைகள். கலையை யாரும் ஆதரிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்காமல் கையால் உழைத்து ஓர் ஊரையே உண்டாக்கியவர்கள் அவர்கள்.

திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கலாம். ஆட்டோவோ டாக்சியோ என்றால் 'சோழமண்டலம்' என்று சொன்னால் போதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். மற்ற மாதங்களில் காலையிலேயே போய்விடுங்கள், ஏனென்றால் சிற்பப் பூங்கா திறந்தவெளியில் இருக்கிறது.

முதலில் அருங்காட்சியகம். சிறு கட்டணம் உண்டு. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களின் முன் நிதானமாக நில்லுங்கள். ஜாதகக் கட்டம் போலக் கோடுகள், அவற்றுக்குள் நெருக்கமாகக் கிறுக்கிய எழுத்துகள். படித்துப் பொருள் காண முயல வேண்டாம், வாசிப்பதற்காக எழுதியவை அல்ல அவை. அப்புறம் கே. ராமானுஜம். பேனாவும் மையும் கொண்டு மாடமாளிகைகளையும் விசித்திர மிருகங்களையும் இழை இழையாகப் போட்டவர், இளம் வயதிலேயே 1973-இல் இறந்துபோனார். பி.வி. ஜானகிராமின் சிற்பங்களைப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். தகட்டை அடித்து உருவம் கொடுத்து, மேலே கம்பிகளை ஒட்ட வைத்து, கோயில் கவசத்தை நினைவூட்டும் முகங்களைச் செய்திருக்கிறார். நம் கோயில் மரபு நவீன சிற்பமாக மாறுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

வளாகத்துக்குள் இருக்கும் வீடுகளில் ஓவியர் குடும்பங்கள் குடியிருக்கின்றன. திறந்த கதவைப் பார்த்ததும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். காட்சிக்கூடத்தில் இருப்பவரிடம், "யாராவது ஓவியரைச் சந்திக்க முடியுமா?" என்று கேளுங்கள். சம்மதித்தால் போங்கள், "சார்", "அம்மா" என்று பேசத் தொடங்குங்கள். கேட்காமல் படமெடுக்க வேண்டாம்.

பிடித்திருந்தால் வாங்குங்கள். உண்மையான ஆதரவு அதுதான். பெரிய ஓவியம் கட்டுப்படியாகாவிட்டால் சிறிய கோட்டோவியமோ அச்சுப்படமோ கிடைக்குமா என்று கேளுங்கள். ரங்கநாதன் தெருவில் பேசுவதுபோல் பாதி விலைக்குக் கேட்காதீர்கள், மாதக்கணக்கான உழைப்பு அது. கேன்வாஸ் என்றால் மரச்சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டிக் குழாயில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வண்ணம் தடிமனாக இருந்தால் சுருட்ட வேண்டாம், வெடித்துவிடும்.

மறுநாள் விமானம் என்றால் ரசீதில் கவனம் வையுங்கள். ஓவியர் பெயர், ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர் வண்ணமா என்பது), விலை எல்லாம் அதில் இருக்கட்டும். நூறு ஆண்டைக் கடந்த ஓவியங்களும் சிற்பங்களும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. இன்றைய ஓவியருடையதற்கு அந்தத் தடை இல்லை. ஆனால் சாமி உருவம் போன்ற உலோகச் சிற்பம் என்றால் சுங்கத்தில் கேள்வி வரலாம். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் சோழமண்டலப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் அதே சாலையில் தெற்கே முட்டுக்காட்டில், தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.