பழைய பிக்கப்புக்கு புது மாடல் டேஷ்போர்டு போடறவங்க இதை ஒரு தடவ படிச்சிடுங்க

பாலக்கோடு மண்டிக்கு தக்காளி ஓட்டுற நம்ம பழைய பொலேரோ பிக்கப்புல டேஷ்போர்டு வெயில்ல காஞ்சு கண்ணாடி ஓரமா வெடிச்சு, பள்ளத்துல விட்டா கடகடன்னு ஆடும். காயலான் கடைல புது மாடலோடது ஒண்ணு கெடைச்சுது, மாத்திட்டேன். பிளாஸ்டிக் மாத்தறது ஒரு நாள் வேலைதாங்க, மீட்டர்லயும் ஒயரிங்லயும்தான் உயிர் போகும்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி டேப்ப எடுத்துட்டு போய் முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பில்லர் நடுவுல உள்ள அகலம், ஸ்டியரிங் ராடு புடிக்கிற இடம், ஏசி ஓட்டை எல்லாம் அளந்து பாருங்க. உள்ள இருக்கற இரும்பு பாரையும் சேத்து கேளுங்க, வெறும் தோல மட்டும் தள்ளி விட்டுருவாங்க. மஞ்சள் கப்ளர் (ஒயர் சொருகுற பிளக்கு) இருந்தா அது ஏர்பேக் ஒயரு, டெஸ்ட் லாம்பு வெச்சு குத்தவே கூடாது. உங்க வண்டிலயே ஏர்பேக் இருந்தா வீட்ல கழட்டாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க.

மொதல்ல பேட்டரி நெகட்டிவ் கழட்டிருங்க. ஒவ்வொரு கப்ளரையும் புடுங்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து பேப்பர் டேப்ல பேர் எழுதி ஒட்டுங்க, நான் ஞாபகம் இருக்கும்னு விட்டு ஹாரன் அமுக்குனா வைப்பர் ஓடுச்சு. ஸ்டியரிங் கழட்டும்போது நடு நட்ட முழுசா எடுக்காதீங்க, நாலு சுத்து லூஸ் பண்ணி நட்டு மேலயே நிக்கட்டும், ரெண்டு கையால ஆட்டி இழுங்க, இல்லன்னா டக்குனு வந்து மூஞ்சிலயே அடிக்கும். அதுக்கு முன்னாடி ராடுலயும் ஸ்டியரிங்லயும் நேரா ஒரு கோடு போட்டுக்கங்க, திருப்பி மாட்டும்போது அதே எடத்துல உக்காரும், நெயில் பாலிஷ் போதும். ராட எறக்கும்போது அடில ஒரு மரக்கட்டைய முட்டு குடுங்க, தொங்க விட்டா கப்ளர் பிஞ்சிரும். முன் கண்ணாடிக்கு அடில மறைவா போல்ட்டு இருக்கும், அத பாக்காம இழுத்து உடைக்கறவங்கதான் ஜாஸ்தி.

இப்ப மீட்டர். என்னோட யோசனை, பழைய மீட்டரையும் பழைய ஒயரிங்கையும் அப்படியே வெச்சு புது டேஷ்போர்டு வாய வெட்டி உக்கார வெச்சுருங்க. உங்க வண்டில கியர்பாக்ஸ்ல இருந்து ஸ்பீடோ கேபிள் வந்தா புது மீட்டர்ல ஸ்பீடு முள்ளு ஓடவே ஓடாது, அதுக்கு சென்சார் சிக்னல் வேணும். டீசல் டேங்க் உள்ள இருக்கற மிதவையோட ரெசிஸ்டன்ஸ் புது மீட்டருக்கு ஒத்து வராம இருந்தா டேங்க் பாதி இருக்கும்போதே முள்ளு காலின்னு காட்டும். இன்ஜின் சூடு காட்டற டெம்பரேச்சர் முள்ளும் அதே கததான். நான் ஆசைப்பட்டு புது மீட்டர் போட்டுட்டு சேலத்துல இருந்து லோடோட தொப்பூர் கணவாய் ஏறுனேன், டெம்பரேச்சர் முள்ளு கீழயே படுத்திருக்கு, பானட்ல ஆவி வருது. அன்னிக்கே பழச எடுத்து மாட்டிட்டேன்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. நெறைய பழைய வண்டில சாவி போட்டதும் எரியற பேட்டரி செவப்பு லைட்டு வழியாத்தான் பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டருக்கு மொத கரண்டு போகும். அந்த லைட்ட விட்டுட்டா சார்ஜ் ஆகாம மறுநாள் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவீங்க. அதனால எல்லாத்தையும் மாட்டிட்டு, பேனல மூடறதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணி பேட்டரில மல்டிமீட்டர் வெச்சு பாருங்க, 14 வோல்ட் பக்கம் வரணும், 12லயே நின்னா அந்த லைட்டு ஒயர மறுபடி தேடுங்க. எர்த் ஒயர பெயிண்ட் சுரண்டி பாடில இறுக்குங்க, பாதி கோளாறு அங்கதான்.

கடகட சத்தம் வராம இருக்க பிளாஸ்டிக் உரசற எடத்துல பழைய சைக்கிள் டியூப வெட்டி ஒட்டுனேன், இன்னும் ஆடல.