பெரிய டயர் பொருத்திய டிரக்: வேகமானியைச் சரிசெய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரக்கின் வேகமானிக்குச் சாலை தெரியாது. கியர்பாக்ஸின் பின்முனைத் தண்டோ சக்கரமோ எத்தனை முறை சுழல்கிறது என்று சென்சார் எண்ணிச் சொல்ல, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் பதித்த எண்ணால் அதைப் பெருக்கி முள்ளை நகர்த்துவதுதான் அதன் வேலை. டயர் பெரிதானதும் ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் கூடிவிடுகிறது. பதித்த எண்ணோ பழையதாகவே இருக்கிறது. ஆகவே முள் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "பெரிய டயர் போட்டால் மீட்டர் கூடுதலாகக் காட்டும்" என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு திருத்தத்தில் இறங்கினால் பிழை நீங்காது, இரட்டிப்பாகும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 245/75ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் அதன் அகலமான 245 மில்லிமீட்டரில் 75 சதவீதம், அதாவது 183.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவே 16 அங்குல ரிம்முக்கு 406.4 மி.மீ., ஆக மொத்த விட்டம் ஏறக்குறைய 774 மி.மீ. அதே வண்டிக்கு 285/75ஆர்16 போட்டால் விட்டம் 834 மி.மீ. ஆகிறது. வித்தியாசம் 60 மி.மீ. இதைப் பழைய விட்டத்தால் வகுத்தால் 7.75 சதவீதம், புதிய விட்டத்தால் வகுத்தால் 7.2 சதவீதம். இரண்டும் சரியான எண்களே, ஆனால் சொல்லும் செய்தி வேறு. முள் 100 காட்டும்போது வண்டியின் உண்மை வேகம் 107.75 கி.மீ.; வண்டி உண்மையில் 100-இல் போகும்போது முள் காட்டுவது 92.8. திருத்தக் கருவி கேட்பது எந்தச் சதவீதத்தை என்று பார்க்காமல் எண்ணை உள்ளிடுவது வெகு சாதாரணமாக நடக்கும் பிழை.

டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவை மட்டும் நம்பிக் கணக்குப் போடுவது அடுத்த தவறு. ஒரே அளவு குறித்த டயர்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மில்லிமீட்டர் வேறுபடும். மேலும், எடை ஏறிய ரேடியல் டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம், விட்டத்தைப் பையால், அதாவது 3.14-ஆல், பெருக்கினால் வருவதைவிடச் சற்றுக் குறைவு, விட்டத்தை 3.05-ஆல் பெருக்கினால்தான் நடைமுறைக்கு நெருங்கி வரும். இதைக் கேள்விப்பட்ட சிலர் எதிர்த்திசையில் தவறிழைக்கிறார்கள்: வண்டி நிற்கும்போது தரையிலிருந்து சக்கரத்தின் மையம் வரை அளந்து, அதை ஆரமாக வைத்துச் சுற்றளவைக் கண்டுபிடிக்கிறார்கள். தரையைத் தொடும் இடத்தில் டயர் சப்பினாலும் அதன் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையின் நீளம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆதலால் இந்த வழியில் வரும் சுற்றளவு உண்மையைவிடச் சிறியதாக இருக்கும்.

கணக்கைவிடச் சாக்பீஸ் நம்பகமானது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை வழக்கமான அளவுக்கு வைத்து, வழக்கமாக ஏற்றும் சுமையையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேராக டயரின் பக்கச்சுவரில் ஒரு கோடும், அதன் அடியில் தரையில் ஒரு கோடும் போட்டுவிட்டு, வண்டியை நேர்கோட்டில் மெதுவாக உருட்டிச் செல்ல, கூட இருப்பவர் சுற்றுகளை எண்ண வேண்டும். பத்தாவது சுற்றில் கோடு மறுபடி தரைக்கு நேராக வரும் இடத்தைக் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்தால் போதும். மேலே சொன்ன 834 மி.மீ. டயருக்குப் பத்துச் சுற்றில் ஏறத்தாழ 25.4 மீட்டர் வரும். ஒரே ஒரு சுற்றை அளந்து நிறுத்திக்கொண்டால், கோட்டைப் பார்ப்பதில் நேரும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகே ஒரு சதவீதத்தை விழுங்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியபடி உருட்டுவதும் கணக்கைக் கெடுக்கும்.

எல்லாவற்றிலும் நயமாக ஏமாற்றும் தவறு ஜி.பி.எஸ். வழியாக வருகிறது. கைப்பேசியில் 100 வரும்போது முள்ளும் 100-இல் நின்றால் வேலை முடிந்தது என்றே யாருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் பெரும்பாலான வண்டிகளின் வேகமானி, புதிதாக வரும்போதே உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன ஒழுங்குமுறை எண் 39, முள் உண்மை வேகத்துக்குக் கீழே ஒருபோதும் காட்டக் கூடாது என்கிறது. மேலே போவதற்கு, உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. வரை இடம் தருகிறது. தூரத்தை எண்ணும் ஓடோமீட்டருக்கு இப்படிப்பட்ட கூட்டல் பொதுவாக இருப்பதில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். பழைய டயரில் உண்மை வேகம் 100 ஆக இருக்கும்போது முள் 104 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். புதிய டயரில் அது 96.5 ஆகிறது. ஜி.பி.எஸ்ஸைப் பார்த்து இந்த 96.5-ஐ 100 ஆக்குகிறவர் உண்மையில் 3.6 சதவீதம் மட்டுமே திருத்துகிறார், தேவைப்பட்டதோ 7.75. முள் அழகாகப் பொருந்திவிடும், ஓடோமீட்டர் மட்டும் ஒவ்வொரு 10,000 கிலோமீட்டரிலும் சுமார் 380 கிலோமீட்டரை விட்டுவிடும். ஆகையால் திருத்தத்தை முள்ளை வைத்துத் தீர்மானிக்காமல் ஓடோமீட்டர் தூரத்தை வைத்துத் தீர்மானிப்பதே சரி. தூரம் ஒத்துவந்தபின் முள் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடக் காட்டினால் அதை அப்படியே விட்டுவிடலாம். தூரச் சோதனையைக் குறைந்தது 20 கிலோமீட்டருக்காவது செய்ய வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு முறை மாறும் ஓடோமீட்டரை 2 கிலோமீட்டரில் சோதித்தால் ஒரு இலக்கமே 5 சதவீதம் ஆகிவிடும்.

அளந்து முடித்தபின் எங்கே திருத்துவது என்பதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கேபிளால் ஓடும் பழைய வேகமானியில், கியர்பாக்ஸின் பின்புறம் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் கியரை மாற்ற வேண்டும். முள் வேகமாக ஓட வேண்டுமென்றால் அந்தக் கியரின் பற்கள் குறைய வேண்டும், கூட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 20 பல் இருந்த இடத்தில் நமக்குத் தேவைப்படுவது 18.56 பல், அப்படி ஒரு கியர் கிடையாது. 19 பல் போட்டால் தூரம் 2.3 சதவீதம் குறைவாகவும், 18 பல் போட்டால் 3.1 சதவீதம் கூடுதலாகவும் பதிவாகும். முள் பழைய டயரில் எவ்வளவு கூட்டிக் காட்டியது என்று முன்பே குறித்து வைத்திருப்பவருக்கு இங்கே முடிவெடுப்பது எளிது: அது 2.3 சதவீதத்தைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால், 19 பல்லிலும் முள் உண்மை வேகத்துக்குக் கீழே போகாது. சில கியர்பாக்ஸ்களில் பல் எண்ணிக்கை மாறும்போது அந்தக் கியரைத் தாங்கும் உறையையும் சற்றுத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். அப்படியே செருகினால் பற்கள் சரியாகக் கவ்வாமல் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

பெரிய டயரோடு டிஃபரன்ஷியல் கியர் விகிதத்தையும் (சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை) மாற்றியவர்கள் சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் பின்முனையில் இருந்தால், 3.73-ஐ 4.10 ஆக்கியதால் சுழற்சி 9.9 சதவீதம் கூடி, டயரின் 7.75-ஐ ஈடுகட்டி, கடைசியில் மீட்டர் 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும். சென்சார் சக்கரத்திலோ டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்திலோ இருந்தால் விகிதத்துக்கும் அளவீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. டயருக்கு மட்டும் திருத்தினால் போதும்.

கணினி உள்ள வண்டிகளில், மீட்டருக்குப் போகும் வயரில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி முள்ளை மட்டும் திருத்துவது மலிவாகத் தோன்றும். ஆனால் தானியங்கி கியர் எப்போது மாறுவது, க்ரூஸ் கன்ட்ரோல் எந்த வேகத்தைப் பிடிப்பது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எங்கே தடுப்பது என்பதெல்லாம் பழைய எண்ணிலேயே தொடரும். டயர் அளவைக் கணினியிலேயே மாற்ற முடிகிற வண்டியில் அதைத்தான் செய்ய வேண்டும். மாற்றுவதற்கு முன் பழைய மதிப்புகளைச் சேமித்து வைப்பதும், பேட்டரியைச் சார்ஜரில் இணைத்துக்கொள்வதும் அவசியம். எழுதும் நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் அந்தக் கணினியே செயலிழக்கக்கூடும். வேகத்தையும் ஓட்டும் நேரத்தையும் பதிவுசெய்யும் டாகோகிராஃப் பொருத்திய கனரக வண்டியில் டயர்ச் சுற்றளவு அதன் அளவீட்டு எண்களில் ஒன்று. அதை அங்கீகாரம் பெற்ற பட்டறையில்தான் மாற்ற வேண்டும்.

திருத்தாமல் ஓட்டிய நாட்களில் டீசல் செலவைப் பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை. மீட்டர் 500 கி.மீ. காட்டி 50 லிட்டர் தீர்ந்திருந்தால் லிட்டருக்கு 10 என்று தோன்றும். உண்மையில் வண்டி ஓடியது 539 கி.மீ., லிட்டருக்கு 10.8. அதே காரணத்தால் ஆயில் மாற்றும் நாளும் மீட்டர் சொல்வதற்கு முன்பே வந்துவிடும். விடுபட்ட தூரத்தைச் சேர்ப்பதாக ஓடோமீட்டர் எண்ணில் கைவைக்கக் கூடாது. டயர் மாற்றிய தேதியையும் அப்போதைய எண்ணையும் வண்டியின் பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும்.

இன்னொன்று, தேய்ந்த டயரில் அளந்து திருத்துவது. புதிதில் 12 மி.மீ. ஆழம் இருந்த டயர் 3 மி.மீ. ஆகும்போது விட்டம் 18 மி.மீ. குறைகிறது, நம் டயருக்கு அது 2 சதவீதத்துக்கும் மேல். புதிய டயரில் திருத்திய மீட்டர், தேயத் தேயக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதனால் கெடுதல் இல்லை. தேய்ந்த டயரில் திருத்திய மீட்டரோ, அதே அளவில் புது டயர் போட்ட அன்றே குறைத்துக் காட்டத் தொடங்கும்.