முதலில் ஆம்மீட்டர், அப்புறம்தான் ஸ்பீடோமீட்டர்

சென்ட்ரலில் சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் 24 பெட்டி, கையில் டபிள்யூ.ஏ.பி-4 மின்சார எஞ்சின். கைப்பிடியைத் தொடும் முன், மோட்டார் கரண்ட்டைக் காட்டும் ஆம்மீட்டர் எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொள் தம்பி.

இந்த எஞ்சினில் 6 டி.சி. சீரிஸ் மோட்டார், ஒவ்வொன்றும் 630 கிலோவாட். மோட்டார் சுற்றினால்தான் உள்ளே எதிர் மின்னழுத்தம் உண்டாகி, வரும் கரண்ட்டைத் தடுக்கும்; சக்கரம் நிற்கும்போது அது கிடையாது. சுருளின் தடையும் சொற்பம். கொஞ்சம் வோல்ட் காட்டினாலே கரண்ட் பாய்ந்துவிடும். அதனால்தான் டிரான்ஸ்ஃபார்மரில் 32 நாட்ச் வைத்து வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றுகிறோம்.

பிரேக் பைப்பில் காற்றழுத்தம் 5 கிலோ நிற்கட்டும். கடைசிப் பெட்டிவரை பிரேக் விட நேரம் கொடு. ஒரு நாட்ச் போடு. பொறு. கப்ளிங் இழுபட்டு, பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைவது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். இன்னொன்று போடு. முள் ஏறும், வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்கத் தானாக இறங்கும். இறங்கியபின்தான் அடுத்தது. பேசின் பிரிட்ஜில் தடம் மாறும் பாயின்ட்டுகளைத் தாண்டும்வரை எப்படியும் அவசரத்துக்கு வேலையில்லை.

கொட்டுகிற மழைக்குப் பயப்படாதே, தண்டவாளத்தைக் கழுவிவிடும். ஐப்பசியின் முதல் தூறல்தான் எமன். தூசியும் எண்ணெயும் குழைந்து களிம்பாகிவிடும். நான் புதுசில் அப்படியொரு தூறலில் கிளப்பினேன். ஒரு மோட்டாரின் முள் சட்டென்று விழுந்து துடித்தது. கரண்ட் போதவில்லை என்று நினைத்து மேலும் இரண்டு நாட்ச் போட்டேன். எஞ்சின் ஊளையிட்டது, வண்டி நகரவில்லை. பக்கத்திலிருந்த சீனியர் என் மணிக்கட்டில் ஒன்று வைத்தார். வழுக்கும் சக்கரம் வேகமாகச் சுற்றும்; எதிர் மின்னழுத்தம் ஏறும்; அந்த மோட்டாரின் கரண்ட் விழும். அப்போது நாட்ச்சைக் குறைக்க வேண்டும், தண்டவாளத்தில் மணல் போட வேண்டும், பிடித்தபின் மெல்ல ஏற்ற வேண்டும். அன்று மணிக்கட்டோடு புரிந்தது.

வியாசர்பாடி, பெரம்பூர் தாண்டி ஓட்டம் பிடித்ததும் முள் படுத்துக்கொள்ளும். அங்கேதான் ஃபீல்டு வீக்கனிங். மோட்டாரின் காந்தச் சுருளில் ஓடும் ஃபீல்டு கரண்ட்டில் ஒரு பங்கைப் பக்கவழியில் திருப்பினால் காந்தப்புலம் இளைக்கும், எதிர் மின்னழுத்தம் குறையும், முள் மறுபடி எழும். 20-ஆம் நாட்ச்சுக்கு முன் அதற்கான கைப்பிடி பக்கம் போகாதே.

மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்‌ஷனுக்கு 500 மீட்டர், 250 மீட்டர் பலகைகள் வரும். முதல் பலகையிலேயே நாட்ச்சை இறக்க ஆரம்பி. ஒரேயடியாக 0-க்குத் தள்ளினால் பெட்டிகள் முட்டி, அப்பர் பெர்த்காரர் உன்னைத்தான் திட்டுவார். கைப்பிடியை மைனஸில் வைத்து நாட்ச்சை ஒவ்வொன்றாக இறக்கு, முள் பூஜ்யத்தில் நின்றபின் எஞ்சினின் மெயின் சர்க்யூட் பிரேக்கரான டி.ஜே.யைத் திற. தாண்டி மூடியதும் மறுபடி ஒன்றாம் நாட்ச்சிலிருந்து.