சூட்டோடு அறுக்காதீர்கள்: லேமினேட் தரைப்பலகை தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேமினேட் லைனுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். நாங்கள் புதிதாக இருந்தபோது எதையெல்லாம் சொதப்பினோமோ, அதையே வரிசை பிசகாமல் செய்கிறார்கள். பிரஸ் பிளேட்டைத் துடைக்காமல் விடுவது, பேப்பர் கட்டைக் கீழே போட்டு மூலையை நசுக்குவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் முதல் ஷிப்டிலேயே யாராவது திட்டிச் சரிசெய்துவிடுவார்கள். செய்த அன்று ஒன்றும் தெரியாமல், சரக்கு வெளியே போன பிறகு திரும்பி வந்து உதைக்கிற தவறுகளைத்தான் சொல்கிறேன்.

அடிப்படை தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தரைப்பலகை என்பது நான்கு அடுக்கு. நடுவில் எச்டிஎஃப் பலகை: மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்தியது, அடர்த்தி பெரும்பாலும் கன மீட்டருக்கு 850 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் மேல் மர ரேகை அச்சிட்ட டெக்கார் பேப்பர். அதற்கும் மேல் ஓவர்லே என்கிற மெல்லிய தாள். காலடித் தேய்மானத்தைத் தாங்கும் அலுமினியம் ஆக்சைடு துகள் இதில்தான் இருக்கிறது. பலகைக்கு அடியில், பின்முகத்தில் ஒட்டும் பேக்கிங் பேப்பர் (பெட்டி கட்டும் தாள் இல்லை). தாள்கள் எல்லாமே மெலமைன் பிசினில் ஊறி உலர்ந்தவை. நான்கையும் அடுக்கி, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சில பத்து வினாடிகள் அழுத்தினால் பிசின் உருகி ஓடி இறுகிவிடும். தனியாகப் பசை கிடையாது. வெளியே வரும் பெரிய பலகையை அப்புறம் அறுத்து, ஓரங்களில் பலகையோடு பலகை கோத்துக்கொள்ளும் கிளிக் பூட்டு கடைந்து, பெட்டியில் அடுக்குகிறோம்.

பிசின் பேப்பரை வெறும் பேப்பராக நினைப்பது

அதில் ஊறியிருக்கும் பிசின் பாதிதான் வெந்திருக்கிறது. மீதி வேக்காடு பிரஸ்ஸில் நடக்க வேண்டும். அப்போது பிசின் சரியாக ஓடுவதற்காகத் தாளில் சில சதவீத ஈரத்தை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். கிடங்கில் 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 50 சதவீதத்தை ஒட்டிய காற்று ஈரமும் வைத்திருப்பது இதற்காகத்தான். கட்டைப் பிரித்துப் பாதியை எடுத்துவிட்டு, உறையைத் திரும்ப மூடாமல் போவதுதான் புதியவர்கள் வழக்கம். காற்று வறண்டிருந்தால் மேல் தாள்கள் காய்ந்து, மடக்கினால் மொறமொறவென்று உடையும். பிரஸ்ஸில் பிசின் சரியாக ஓடாமல் பரப்பில் நுண்துளை விழும். ஈரம் ஏறினாலோ தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அழுத்தும்போது ஆவி உள்ளே மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் படரும். வேலை தெரிந்தவர் தாளின் மூலையை விரலால் லேசாக மடக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். கற்றுக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

ஓவர்லே விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது

தெரியாது. ஓவர்லே இல்லாத பலகையில் ரேகை இன்னும் துல்லியமாகத் தெரியும், பார்க்க இன்னும் அழகாகவே இருக்கும். தேய்மானச் சோதனையில்தான் மானம் போகும். ஐரோப்பாவின் இஎன் 13329 விதிப்படி ஏசி3 என்கிற தேய்மானத் தரத்துக்கு உப்புத்தாள் சக்கரத்தின் கீழ் 2000 சுற்றும், ஏசி4 தரத்துக்கு 4000 சுற்றும் தாங்க வேண்டும். ஓவர்லே இல்லாதது அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. தாள் எண்ணும் சென்சார் சும்மா சும்மா அலறுகிறது என்று அதை அணைத்து வைக்கிற மகாராசன்கள் ஷிப்டுக்கு ஒருவர் உண்டு.

சூடு ஆறும் முன் அறுப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்ற தவறுகளில் பலகைக் கணக்கில் நஷ்டம். இதில் லோடு கணக்கில் நஷ்டம்.

பிரஸ்ஸிலிருந்து வெளியே வரும் பலகையைப் பார்த்தால் வேலை முடிந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். பரப்பு பளபளக்கும், தட்டினால் திடமாகச் சத்தம் வரும். உள்ளே எதுவும் முடிந்திருக்காது. பிரஸ்ஸின் சூடு இரண்டு முகங்களையும் காயவைத்து, அங்கிருந்த ஈரத்தை நடுப்பகுதிக்குத் தள்ளியிருக்கும். முகத்தில் ஓர் ஈரம், நடுவில் வேறோர் ஈரம். போதாததற்கு, பிசின் இறுகும்போது சுருங்கும். மேலே ஓவர்லேயும் டெக்காரும் சேர்ந்து ஒரு பக்கம் இழுக்க, கீழே பேக்கிங் பேப்பர் மறுபக்கம் இழுக்கும். மத்தளத்தின் இரண்டு தோலையும் போல இரு பக்கமும் கணக்காக இழுபட்டு நின்றால்தான் பலகை நேராக இருக்கும். இந்த இழுபறி ஓய்ந்து, ஈரம் பலகை முழுக்கச் சமமாகப் பரவுவதற்கு நாட்கள் பிடிக்கும். மெலமைன் படலம் ஈரத்தை லேசில் உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது என்பதால் அவசரப்படுத்தவும் வழியில்லை. பிரஸ்ஸை விட்டு வந்ததும் விசிறியில் ஆறவைப்பது வேறு, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய கிடங்கில் பல நாள் ஓய்வு கொடுப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

“ஆறிடுச்சு சார், தொட்டுப் பாருங்க” என்பார்கள். எதைத் தொட்டுப் பார்ப்பது? அடுக்கின் மேல் பலகையை. நடுவில் இருக்கும் பலகைகளின் சூடு வெளியேற வழியே கிடையாது. மேல் பலகை ஜில்லிட்ட பிறகும் நடுவில் வெதுவெதுப்பு இருக்கும். அகச்சிவப்பு வெப்பமானியை அடுக்கின் பக்கவாட்டில், நடு உயரத்துக்கு நேராகக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. லாரி காத்திருக்கிறது என்று ஃபோர்மேன் குதித்தார். சாயங்காலம் அழுத்திய அடுக்கு மறுநாள் காலையில் அறுப்புக்குப் போனது. சோதனையில் எல்லாம் சுத்தம். பூட்டு சரியாக உட்கார்ந்தது, இரண்டு பலகைகளின் இணைப்பில் இடைவெளி அளக்கும் மிக மெல்லிய ஃபீலர் கேஜ் தகடுகூட நுழையவில்லை. சரக்கு போனது. சில வாரங்கள் கழித்துப் படங்கள் வர ஆரம்பித்தன: நீள ஓரங்களில் இடைவெளி, குறுக்கு முனைகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. உடனே வழக்கமான வக்காலத்து தொடங்கியது. அடித்தரை சமமில்லை என்றார்கள், அறையில் ஈரம் என்றார்கள், விரித்தவருக்கு வேலை தெரியவில்லை என்றார்கள். அதே லாட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரிப் பெட்டியைக் கடைசியில் யாரோ பிரித்தார்கள். யாரும் விரிக்காத, யாரும் மிதிக்காத அந்தப் பலகைகளும் அதே மாதிரி சுருண்டிருந்தன. முழு லோடும் போச்சு. அந்த ஃபோர்மேன் அதற்குப் பிறகும் பூட்டின் வடிவமைப்பில்தான் கோளாறு என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

கணக்கைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 200 மி.மீ. அகலப் பலகை ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினால் 0.2 மி.மீ. இணைப்பு இடைவெளிக்கு இஎன் 13329 அனுமதிக்கும் உச்சமே 0.20 மி.மீ. தான், சராசரி 0.15 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. பலகையின் ஈரம் 4 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஒரே லாட்டுக்குள் வித்தியாசம் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஓய்வெடுக்காத பலகையில் பூட்டை எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும், கடைந்த பிறகு பலகை நகர்ந்தால் அந்த நுட்பத்துக்கு என்ன மதிப்பு?

இதே தவறுக்கு ஒரு தம்பி உண்டு: வளைவைச் சூட்டில் அளப்பது. பலகை பிரஸ்ஸை விட்டு வந்ததும் ஓரம் தூக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, மேல் பிளேட்டின் சூட்டைக் குறை, கீழே கூட்டு என்று திருக ஆரம்பித்துவிடுவார்கள். சூட்டில் தெரியும் வளைவு வேறு, ஆறிய பிறகு நிற்கும் வளைவு வேறு. சில நேரம் திசையே மாறிவிடும். ஒரு பலகையைத் தனியே எடுத்து, நேரத்தைக் குறித்து, ஆறவிட்டு அளந்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். நான்கு குமிழைச் சேர்த்துத் திருகியவருக்கு, எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அடுக்கும் இடத்தையும் பாருங்கள். கோணலான பேலட்டில் சூடான பலகையை அடுக்கினால், பலகை அந்தக் கோணலையே தன் வடிவமாக எடுத்துக்கொள்ளும். சரியாக ஆறவைக்காமல் உயரமாக அடுக்கினால் உள்ளே பிசின் தொடர்ந்து வெந்து, பளபளப்பு குறைந்து, பரப்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. ஒவ்வோர் அடுக்கிலும் அழுத்திய தேதியும் மணியும் எழுதிய அட்டை தொங்க வேண்டும். அட்டை இல்லாத அடுக்கை அறுப்பு லைன் ஆபரேட்டர் தொடக் கூடாது, யார் வந்து குதித்தாலும். அவசர ஆர்டர் வரத்தான் செய்யும். அடிக்கடி ஓடும் நிறங்களில் ஓய்வு முடிந்த பெரிய பலகைகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டால் அன்று அவற்றை அறுக்கலாம். இந்தக் கையிருப்பை முடங்கிய பணம் என்று கணக்குப் பிரிவில் முணுமுணுப்பார்கள். திரும்பி வந்த ஒரு லோடின் கணக்கை அவர்களுக்கு ஒருமுறை காட்டுங்கள்.

பேக்கிங் பேப்பரில் மிச்சம் பிடிப்பது

மிச்சமாகாது. மேலே தாளை மாற்றினால் கீழேயும் மாற்றியாக வேண்டும்.

பளபளப்பைப் பார்த்து வெந்துவிட்டது என்பது

அரைகுறையாக வெந்த பரப்பும் பளபளக்கும். சாயம் கலந்த நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டு, சோதனை முறையில் சொன்ன நேரம்வரை காத்திருந்து துடைத்துப் பாருங்கள். கறை பிடித்தால் வேக்காடு போதவில்லை. சுத்தமாகத் துடைபட்டால் மட்டும் நிம்மதி அடைய முடியாது, ஏனென்றால் மிகையாக வெந்ததும் சுத்தமாகவே துடைபடும். அது பிற்பாடு மயிரிழை விரிசலாகத் தெரியும். பிரஸ் நேரத்தைக் கூட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

எச்டிஎஃப் சான்றிதழை லாட் எண்ணோடு பொருத்திப் பார்க்காதது

பாருங்கள்.

கத்தி மழுங்கியதைத் தாமதமாகக் கவனிப்பது

பூட்டு கடையும் கத்திகளின் முனையில் வைரம் இருக்கும். இருந்தாலும் ஓவர்லேயின் அலுமினியம் ஆக்சைடு மோதும் அந்த ஒரு கோட்டில் மட்டும் கத்தி குழி விழுந்து தேயும். மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருக்கும். கத்தியைக் கொஞ்சம் மேலோ கீழோ நகர்த்தினால் புது முனை கிடைத்துவிடும். அதைச் செய்ய வேண்டிய நேரம் எப்போது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் பலகை முகம் குப்புறத்தான் ஓடும் என்பதால் ஓரச் சிதைவு ஓடும்போது கண்ணில் படாது. அவ்வப்போது ஒரு பலகையை உருவி, விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை ஓரம் முழுக்க ஓட்டுங்கள். நகம் தட்டுத் தட்டாக இடறினால் நகர்த்தும் நேரம் வந்துவிட்டது. வெளிர் நிறப் பலகை ஓடும்போது இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை, சிதைவு அதில் தெரியாது. மறுநாள் அடர்ந்த வால்நட் நிறம் ஏறி ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்த பிறகுதான் ஓடிவருவார்கள். அதற்குள் முந்தின நாள் சரக்கு பெட்டிக்குள் போய், பெட்டி லாரிக்குள் போயிருக்கும்.